அலுவலகக் கணினி, கேள்வி - பதில்: எடுத்த பிரதியைத் திறந்து பார்த்தீர்களா?

இம்மாதம் தெரிவுசெய்த ஆறு கடிதங்களும் பத்துக்குக் குறைந்த கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் கொழும்பு அலுவலகங்களிலிருந்து வந்தவை. இத்தகைய இடங்களில் கணினிக்கென்று தனியாக ஓர் அலுவலர் இருப்பதில்லை. முதலாளியோ, கணக்கெழுதுபவரோ, ஓரளவு கணினி தெரிந்த மருமகனோ அந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறார். அவர்களை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, இடத்தைத் தவிர மற்ற அடையாளங்களை நீக்கியுள்ளோம்.

வாசகர், புறக்கோட்டை

கேள்வி: நாங்கள் புடைவை மொத்த வியாபாரம் செய்கிறோம். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தபோது, கணக்குக் கணினியிலிருந்த எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒன்றையும் திறக்க முடியவில்லை. பணம் கட்டினால் திறந்து தருவதாக ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. தினமும் பிரதி எடுப்பதற்காக எப்போதும் செருகியே வைத்திருந்த வெளி வன்தட்டுக்கும் அதே கதிதான். வந்து பார்த்த தொழில்நுட்பவியலாளர், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடலாம் என்கிறார். பணம் கட்டுவதா, அழிப்பதா?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். கோப்புகளைப் பூட்டிவைத்துத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் கப்ப நிரல் ஒன்று உங்கள் கணினிக்குள் புகுந்திருக்கிறது. முதலில் அந்தக் கணினியின் வலையமைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். வைஃபை இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மற்றக் கணினிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றிலுள்ள கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு, பூட்டப்பட்ட வன்தட்டுகள் இரண்டையும் கழற்றி, மேலே திகதியை எழுதி அலுமாரியில் வைத்துவிட்டு, புதிய தட்டொன்றில் விண்டோஸை நிறுவச் சொல்லுங்கள். ஒரு வன்தட்டின் விலையை மிச்சம் பிடிப்பதற்காகப் பழையதை அழித்துவிட்டால், நாளைக்குத் திறவுகோல் கிடைத்தாலும் திறப்பதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

திறவுகோல் கிடைக்கும் என்ற நம்பிக்கை முற்றிலும் வீணானதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்துப் பொலிஸார் மற்றும் இரண்டு கணினிப் பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016 ஆம் ஆண்டு தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்ற திட்டத்தின் இணையத்தளத்தில், பூட்டப்பட்ட கோப்பொன்றையும் கப்பக் குறிப்பையும் ஏற்றினால், அது எந்த வகை என்பதைக் கண்டறிந்து, அதற்குரிய இலவசத் திறப்பு நிரல் இருந்தால் தருகிறார்கள். எல்லா வகைகளுக்கும் அங்கே நிரல் இல்லை. ஆனால், குற்றக் கும்பல் ஒன்று பிடிபட்டுப் பல மாதங்கள் கழித்துத் திறவுகோல்கள் வெளியான சந்தர்ப்பங்கள் உண்டு. ஏற்றுவதற்கு வாடிக்கையாளர் விவரம் இல்லாத ஒரு கோப்பையே தெரிவுசெய்யுங்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாள்வதற்காக 2006 முதல் இயங்கிவரும் ஸ்ரீ லங்கா சேர்ட் அமைப்புக்கும் அறிவியுங்கள். உங்களுக்கு நடந்தது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதால் பொலிஸிலும் முறைப்பாடு செய்யலாம். கப்பம் கட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவோர் இருக்கிறார்கள். கட்டக்கூடியவர் என்று அறிந்து மறுபடியும் வருவோரும் இருக்கிறார்கள்.

அடுத்து, அவர்கள் உள்ளே வந்த வழி. அதை அடைக்காமல் புதிய விண்டோஸ் போடுவது, கள்வன் புகுந்த ஜன்னலைத் திறந்தபடி விட்டுவிட்டுப் புதிய பெட்டகம் வாங்குவதற்குச் சமம். சிறு கடைகளில் நான் அதிகம் கண்ட வழி இதுதான்: முதலாளி வீட்டிலிருந்தபடி கணக்குப் பார்ப்பதற்காக, வெளியிலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸின் தொலைமேசை வசதிக்குரிய 3389 ஆம் இலக்கப் போர்ட்டை, அதாவது வலையமைப்பு வாயிலை, ரவுட்டரில் யாரோ வெளியுலகுக்குத் திறந்து வைத்திருப்பார், கடவுச்சொல் கடையின் பெயரும் ஆண்டுமாக இருக்கும். அப்படித் திறந்திருக்கும் வாயில்களை உலகெங்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கின்றன. கடை மூடியிருக்கும் சனி, ஞாயிறு இரவுகளில் கோப்புகளைப் பூட்டினால், திங்கட்கிழமை வரை கேட்க ஆளில்லை. ரவுட்டரில் அத்தகைய வழி திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பார்ப்பது அவசியமென்றால், மறையாக்கம் செய்த தனிப் பாதையான விபிஎன் வழியாக, கடவுச்சொல்லோடு கைப்பேசிக் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரட்டை உறுதிப்படுத்தலுடன் பாருங்கள். வங்கி, மின்னஞ்சல் உட்பட அந்தக் கணினியில் எப்போதாவது தட்டச்சு செய்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும், பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

இழந்த கணக்கில் ஒரு பகுதியை வெளியிலிருந்து திரட்டவும் முடியும். கணக்காய்வாளரிடம் கடந்த நிதியாண்டின் பிரதி இருக்கலாம். மின்னஞ்சலில் அனுப்பிய விலைப்பட்டியல்கள் ‘அனுப்பியவை’ பகுதியில் இருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் கைப்பேசியில் இருக்கும். வங்கிக் கூற்றுகளை மீண்டும் கேட்டுப் பெறலாம். கடன் கொடுத்த வியாபாரிகளிடம் நிலுவைக் கூற்றுக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை இலக்கம் போன்றவை அந்தக் கணினியில் இருந்திருந்தால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களுக்கு ஏதும் கடமை உண்டா என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பிரதி எடுக்கும் முறைக்கு வருகிறேன். நீங்கள் தினமும் பிரதி எடுத்தவர். அந்த ஒழுங்கு இருந்தும் எல்லாம் போனதற்குக் காரணம், அந்தப் பிரதி எந்நேரமும் கணினியோடு இணைந்திருந்ததுதான். கணினி எழுதக்கூடிய இடத்தில் கள்வனும் எழுதுவான். இதே பாடத்தை நம் அரசாங்கமே 2023 ஆம் ஆண்டு கற்க நேர்ந்தது. அந்த ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை கப்ப நிரல் ஒன்றினால் தாக்கப்பட்டபோது, தொடர்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிரதி இல்லாததால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியாமல் போனது. அவ்வளவு பெரிய அமைப்புக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்ததில் நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டு வெளி வன்தட்டுகள் வாங்குங்கள். ஒன்றில் நீல நாடாவும் மற்றதில் சிவப்பு நாடாவும் ஒட்டுங்கள். மாலையில் கணக்கை மூடியதும் ஒன்றைச் செருகி, பிரதி எடுத்து, உடனே கழற்றுங்கள். ஒரு வாரம் நீலம், மறு வாரம் சிவப்பு. பயன்பாட்டில் இல்லாத தட்டு கடையில் இருக்கவே கூடாது, உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்க வேண்டும். புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில் ஒரு தீ விபத்து எத்தனை கடைகளைக் கொண்டுபோகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது பிரதி, கோப்புகளை இணையத்தில் வைத்து அவற்றின் பழைய பதிப்புகளையும் காக்கும் மேகச் சேமிப்பொன்றில் இருக்கட்டும். வெறுமனே ஒத்திசைக்கும் சேவை போதாது. இங்கே கெட்டுப்போன கோப்பை அது அங்கேயும் விசுவாசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகளை இணைத்து ஒன்றின் படிமமாக மற்றதை வைத்திருப்பதும் பிரதி ஆகாது. ஒரு தட்டுப் பழுதானால் வேலை நிற்காமலிருக்கவே அது உதவும். கணக்கு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புறையை இழுத்துப் போட்டுப் பிரதி எடுக்காதீர்கள். பாதி எழுதப்பட்ட நிலையில் தரவுத்தளம் பதிவாகிவிடக்கூடும் என்பதால், மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பிரதி வசதியைப் பயன்படுத்துங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமென்று நான் கருதுவது ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்த ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் பிரதி வெற்றிகரமாக முடிந்ததாகச் செய்தி வரும். நானும் அதைப் பார்த்துத் திருப்தியடைந்தேன். சேர்வரின் தட்டு பழுதான அன்றுதான், கணக்காளர் ஏழு மாதங்களுக்கு முன்பே கணக்குக் கோப்புறையை வேறோர் இடத்துக்கு மாற்றியிருந்ததும், நாங்கள் தினமும் பிரதி எடுத்தது அவர் விட்டுச்சென்ற வெற்றுக் கோப்புறையை என்பதும் தெரியவந்தன. அந்த ஏழு மாதக் கணக்கை மூன்று பெண்கள் பற்றுச்சீட்டுக் கட்டுகளிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்தார்கள். அவர்கள் விழித்திருந்த இரவுகளை நான் இன்றும் மறக்கவில்லை. ஆகவே, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, பிரதித் தட்டை வேறொரு கணினியில் செருகி, கணக்கை அதிலிருந்து மீட்டு, முந்தைய நாள் போட்ட விலைப்பட்டியல் ஒன்றைத் திறந்து பாருங்கள். அரை மணித்தியால வேலை அது. திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியென்று கணக்கெடுப்பதில்லை.

வாசகர், வெள்ளவத்தை

கேள்வி: காலி வீதியோரம் பயண முகவர் நிலையம் நடத்துகிறோம். ஆறு கணினிகளும் ஒரு லேசர் பிரிண்டரும் உள்ளன. மின்சாரம் போய் வந்தால் பிரிண்டர் ‘ஓஃப்லைன்’ என்று காட்டுகிறது. அது போதாதென்று, கடந்த இரு வாரங்களாகக் காலையில் சில கணினிகளுக்கு இணையம் வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை. அந்தச் சிலவும் நாளுக்கு நாள் மாறுகின்றன. இணைய நிறுவனத்தவர் வந்து பார்த்துத் தங்கள் பக்கத்தில் பிழையில்லை என்கிறார்கள். பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று புதிய ரவுட்டர் ஒன்றைப் பொருத்தியதைத் தவிர நாங்கள் வேறெதையும் மாற்றவில்லை.

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. ஒரு வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் அதை அடையாளம் காட்டும் இலக்கமான ஐபி முகவரியை வழங்கும் வேலையை ஒரே ஒரு சாதனம்தான் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். பின்னறையில் நீங்கள் பொருத்திய ரவுட்டரும் கடையிலிருந்து வந்த நிலையில் அதே வேலையைச் செய்யும். காலையில் கணினி எழுந்து முகவரி கேட்கும்போது, இரண்டில் எது முதலில் பதில் சொல்கிறதோ அதையே அது நம்புகிறது. பழைய ரவுட்டரை நம்பிய கணினிக்கு இணையம் கிடைக்கிறது. புதியதை நம்பியது, இணையத்துக்கு வழியில்லாத ஒரு வாசலில் போய் நிற்கிறது. யார் முந்துவது என்பது நாளுக்கு நாள் மாறுவதால் பாதிக்கப்படும் கணினிகளும் மாறுகின்றன.

உறுதிசெய்வது எளிது. இணையம் வரும் கணினி ஒன்றிலும் வராத கணினி ஒன்றிலும் வலையமைப்பு விவரத்தைத் திறந்து ‘டிஃபோல்ட் கேட்வே’ என்ற வரியை ஒப்பிடுங்கள். ஒன்றில் 192.168.1.1 என்றும் மற்றதில் 192.168.0.1 என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு ரவுட்டர்களும் ஒரே முகவரியுடன் வந்திருந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அப்போது புதியதின் கம்பியை ஒரு நாள் கழற்றி வைத்துப் பாருங்கள். எந்தக் கணினியிலாவது 169.254 என்று தொடங்கும் முகவரி தென்பட்டால், அதற்கு யாருமே முகவரி வழங்கவில்லை என்பது பொருள். அங்கே கம்பியையோ, கணினிகளின் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டியையோ பார்க்க வேண்டும். உங்கள் கட்டடம் கடலுக்கு அருகில் இருப்பதால், உப்புக் காற்றினால் செருகிகளின் உலோக முனைகளில் களிம்பு பிடித்திருக்கவும் இடமுண்டு.

திருத்தம் இதுதான். புதிய ரவுட்டரின் அமைப்புக்குள் சென்று, ‘அக்சஸ் பொயின்ட்’ என்ற நிலை இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால், அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போன்று, வேறெதற்கும் கிடைக்காத ஒன்றாக மாற்றி, டிஎச்சிபியை நிறுத்தி, முன்னறையிலிருந்து வரும் கம்பியை, உள் வலையமைப்புக்குரிய அதன் லேன் (LAN) துளையொன்றில் செருகுங்கள். வெளி இணைய இணைப்புக்குரிய, நிறம் மாறி இருக்கும் வேன் (WAN) துளையில் அல்ல.

பிரிண்டரின் பிரச்சினையும் முகவரியைச் சார்ந்ததே. மின்சாரம் திரும்பும்போது எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் எழுகின்றன. அந்தக் குழப்பத்தில் பிரிண்டருக்கு நேற்றிருந்த முகவரி இன்று கிடைப்பதில்லை. கணினிகளோ பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருக்கின்றன. பிரதான ரவுட்டரில், பிரிண்டருக்கே உரிய அடையாள இலக்கமான மெக் (MAC) முகவரிக்கு ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரை நீக்கி, அந்த முகவரியைக் கொடுத்து மீண்டும் சேர்த்தால் போதும். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்ப்பதை நம்பியிருக்க வேண்டாம்.

ரவுட்டர், ஃபைபர் பெட்டி, சுவிட்ச் மூன்றையும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மூன்றும் சேர்ந்தே முப்பது வாட் வரைதான் எடுக்கும் என்பதால், சாதாரண 650 விஏ யூபிஎஸ் கூட நல்ல பேட்டரி இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவற்றைத் தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் இணைக்காதீர்கள். மையைச் சூடாக்கி ஒட்டும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சிறு பெட்டியால் தாங்க முடியாது. கொழும்பு வெப்பத்தில் யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துவிடும். வாங்கிய திகதியைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

வாசகர், கொட்டாஞ்சேனை

கேள்வி: எங்கள் அச்சகத்தில் ஏழு கணினிகளும் விண்டோஸ் 10 இல் இயங்குகின்றன. ஏழையும் உடனே மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். இன்னொருவர், எந்தக் கணினியிலும் விண்டோஸ் 11 ஐப் போட்டுத்தர ஒரு வழி இருப்பதாகச் சொல்கிறார். எங்களிடம் இருபது ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளும் இருக்கின்றன, அவை என்னவாகும்?

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. கணினி நின்றுவிடாது, ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போடுவார் இல்லை. நிறுவனங்களுக்குக் கட்டணத்துடன் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் வழங்குகிறது. முதலாம் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டொலர், பின்னர் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டுக் கட்டணத்தின் இரு மடங்கு. மூன்றாண்டுகளுக்கு இதைக் கட்டுவதைவிட, அந்தப் பணத்தைக் கணினியில் போடுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

முதலில் ஏழையும் ஒரு தாளில் எழுதுங்கள். விண்டோஸ் 11 கேட்பவற்றில் முக்கியமானவை இரண்டு: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி, மற்றது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இரண்டாவது இல்லையென்று கணினி சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயோஸில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதுதான் பல கணினிகளின் நிலை, அதை இயக்கினால் போதும். அப்படித் தேறுபவற்றில் இன்னும் சுழலும் வன்தட்டு இருந்தால், சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி தட்டொன்றைப் போட்டு விண்டோஸ் 11 ஐ நிறுவுங்கள். புதிய கணினி வாங்கியது போலிருக்கும். தேறாதவற்றில், வங்கி அலுவல்களும் மின்னஞ்சலும் நடக்கும் கணினியை முதலில் மாற்றுங்கள். அச்சுத் தட்டுத் தயாரிக்கும் இயந்திரத்தோடோ பழைய ஸ்கேனரோடோ பிணைந்திருப்பதால் மாற்ற முடியாத கணினி இருந்தால், அதை இணையத்திலிருந்து முழுமையாகத் துண்டித்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஐத் திணிக்கும் வழி இருப்பது உண்மைதான். ஆனால், அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் வீட்டுக் கணினியில் முயன்று பாருங்கள். நாளை காலை கல்யாண அழைப்பிதழ் கொடுக்க வேண்டிய கணினியில் வேண்டாம். உரிமமில்லாத விண்டோஸை ‘கிராக்’ செய்து தருகிறேன் என்பவரிடமும் விலகியே இருங்கள். அந்த நிரல்களோடு தீநிரல்கள் சேர்ந்து வருவது சர்வசாதாரணம். யூனிட்டி பிளாஸா போன்ற இடங்களில் பாவித்த கணினி வாங்குவதானால், ‘ஐ-ஃபைவ்’ என்ற பெயரைக் கேட்டுத் திருப்தியடையாமல், எந்தத் தலைமுறை என்று கேட்டு, திரையில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பாமினி எழுத்துரு விண்டோஸ் 11 இலும் இயங்கும். ஆகவே உடனடி ஆபத்து இல்லை. ஆனாலும் அந்தக் கோப்புகளை, எல்லாக் கணினிகளும் தமிழென்றே அறியும் யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றத் தொடங்குங்கள் என்று வற்புறுத்தவே விரும்புகிறேன். பாமினியில் அடித்தது கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. அது ஆங்கில எழுத்துகளாகச் சேமிக்கப்பட்டு, எழுத்துருவின் தயவால் தமிழாகத் தெரிகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். பெயர் சொல்லித் தேடவும் முடியாது. இருபது ஆண்டு நினைவு மலர்களும் அந்தியேட்டி மலர்களும் கோயில் விஞ்ஞாபனங்களும் உங்கள் வன்தட்டில் இருக்கின்றன என்றால், அது உங்கள் வட்டாரத்தின் வரலாறு. மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மாற்றியதில் ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் கண்ணால் சரிபாருங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளில் கருவிகள் தடுமாறும்.

வாசகி, பம்பலப்பிட்டி

கேள்வி: எங்கள் ஆடைக்கடையின் இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் அமைத்துத் தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். தளப் பெயர் அவர் பெயரில் பதிவாகியிருப்பதாக இப்போதுதான் அறிந்தேன். ரவுட்டரின் கடவுச்சொல்லும் எங்களிடம் இல்லை. அவர் நல்லவர்தான், ஆனாலும் பயமாக இருக்கிறது.

பதில்: அவர் நல்லவராகவும் தொடர்பில் உள்ளவராகவும் இருக்கும் இந்த நேரமே இதைச் செய்வதற்கு உகந்தது. குற்றம் சாட்டும் தொனியில்லாமல், கடையின் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லி, தளப் பெயரை உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். பெயர் டொட் எல்கே என்று முடிந்தால், வியாபாரப் பதிவுச் சான்றிதழுடன் எல்கே டொமைன் பதிவகத்தை அணுகலாம். டொட் கொம் என்றால், அவர் பதிவுசெய்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து உங்களுக்கென்று திறக்கும் புதிய கணக்குக்கு மாற்ற வேண்டும். எப்படியானாலும் காலாவதித் திகதியை இன்றே பார்த்துவிடுங்கள். டொட் கொம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்ட பின்னரும் மீட்பதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதற்குத் தனியாக அதிக கட்டணம் கேட்பார்கள். அது முடிந்தால் யாரும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் மின்னஞ்சலோ பெயர் முடங்கிய அன்றே நின்றுவிடும்.

புதிய கணக்கைத் திறக்கும்போது, அதன் மீட்பு மின்னஞ்சலாக அதே தளப் பெயரிலுள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். பெயர் முடங்கிய அன்று, அதை மீட்பதற்கான கடிதமும் அந்த முடங்கிய பெட்டிக்கே போகும். உறுதிப்படுத்தும் குறியீடு வரும் கைப்பேசி இலக்கம், ஊழியருடையதாக அன்றி, நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம் அட்டையாக இருக்கட்டும்.

ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியால் அழுத்தினால் அது தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் என்று யாராவது சொல்வார்கள். அழுத்துவதற்கு முன் இணைய நிறுவனத்தை அழைத்து, இணைப்புக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மற்ற அமைப்பு விவரங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல்லோடு இணையமும் போய்விடும். எல்லாம் கைக்கு வந்ததும், தளப் பெயர், மின்னஞ்சல் நிர்வாகக் கணக்கு, ரவுட்டர், கணக்கு மென்பொருளின் உரிமம், கண்காணிப்புக் கெமரா என்று ஒவ்வொன்றுக்கும் எங்கே பதிவு, எப்போது புதுப்பிப்பு, யாருக்கு அனுமதி என்பதை ஒரு கொப்பியில் கையால் எழுதி, உறையிலிட்டு நகைப் பெட்டகத்தில் வையுங்கள். அடுத்த தொழில்நுட்பவியலாளருக்கு அவர் பெயரில் தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள். உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

வாசகர், கிராண்ட்பாஸ்

கேள்வி: நாங்கள் உதிரிப்பாகம் தருவிக்கும் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. முந்தைய கடிதங்களின் தொடர்ச்சியாகவே இருந்ததால், நேற்றுப் புதிய கணக்குக்குப் பணம் அனுப்பினோம். இன்று அவர்கள், தாங்கள் அப்படி எழுதவேயில்லை என்கிறார்கள்.

பதில்: இந்த இதழ் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாமென்று தங்களுக்குத் தொலைபேசியில் ஏற்கெனவே சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இத்தகைய நேரத்தில் முதல் அழைப்பு வங்கிக்கு. பணம் மறுமுனையில் எடுக்கப்படுவதற்கு முன் திருப்பி அழைக்கும் வாய்ப்பு மணித்தியாலங்களில் கரைந்துவிடும். பொலிஸ் முறைப்பாடு அதற்கு அடுத்தது.

கடிதத்தின் தொடர்ச்சி சரியாக இருந்தது என்றால், இரண்டு தரப்பில் ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியைக் கள்வர்கள் சில வாரங்களாகவே வாசித்துவந்திருக்கிறார்கள். உங்கள் பெட்டியின் அமைப்பில், கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும் விதியோ, குறிப்பிட்ட நிறுவனத்தின் கடிதங்களை மறைக்கும் விதியோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதிகள் அழிவதில்லை. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பிறகு இரட்டை உறுதிப்படுத்தலை இயக்குங்கள். இனிமேல் கணக்கிலக்கம் மாறியதாக யார் எழுதினாலும், உங்களிடம் முன்பே இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, பழகிய குரலிடம் கேட்ட பின்பே பணம் போக வேண்டும். அந்தக் கடிதத்தின் அடியிலுள்ள இலக்கத்தை அழைத்தால் பதில் சொல்பவனும் கள்வனே.

வாசகி, தெஹிவளை

கேள்வி: எங்கள் மருந்தகத்திலுள்ள ஒரு கணினியில் மட்டும் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வருகிறது. வைரஸ் என்று அஞ்சுகிறோம். மற்றக் கணினிகளில் எல்லாம் சரியாக இருக்கிறது.

பதில்: திரையின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் இருந்தால் அது வைரஸ் அல்ல. இணையத்தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் மின்சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி தன்னைப் பழைய ஆண்டொன்றில் இருப்பதாக நினைத்தால், எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் தொடங்காதவையாகவே அதற்குத் தெரியும். தாய்ப்பலகையில் நாணயம் போல் ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032 வகை. கடையை மூடும்போது பிரதான ஆளியை அணைத்துவிடுகிறீர்கள் என்றால், இரவு முழுவதும் கடிகாரத்தை ஓட்டுவது அந்தப் பேட்டரிதான். அதை மாற்றி, திகதியைச் சரிசெய்து, நேரத்தை இணையத்திலிருந்து பெறும் வசதியையும் இயக்கிவிடுங்கள். உங்கள் பட்டியல்களில் மருந்தின் காலாவதித் திகதியை இந்தக் கணினியே கணக்கிடுகிறது என்றால், இதை நாளைக்குத் தள்ள வேண்டாம்.

திகதி சரியாக இருந்து, கைரேகை வைக்கும் வரவுப் பதிவு இயந்திரமோ கெமராப் பதிவுப் பெட்டியோ சரியாக அரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது என்றால் காரணம் வேறு. இலங்கையின் நேரம் 1996 ஆம் ஆண்டு இரு தடவை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் வரை உலகப் பொது நேரத்திலிருந்து ஆறு மணித்தியாலம் முந்தியிருந்தது. பழைய சில சாதனங்கள் இன்னும் அந்தக் கணக்கையே வைத்திருக்கின்றன. நேர வலயத்தை ஐந்தரை மணித்தியாலம் என்று மாற்றிவிட்டு, அந்த மாதத்து வரவுப் பதிவுகளைச் சம்பளக் கணக்குக்கு எடுக்கும்போது மட்டும், மாற்றிய நாளுக்கு முந்தையவற்றிலிருந்து முப்பது நிமிடங்களைக் கழித்துக்கொள்ளுங்கள்.